ஏசியும் வெதுவெதுப்பு, ஹீட்டரும் வெதுவெதுப்பு: கம்ப்ரசர்தான் காரணமா?

கேள்வி: 5 மே 2024, காலை

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். 2013-இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். இந்தக் கோடையில் இரண்டு முறை ஏசிக்குக் கேஸ் நிரப்பிவிட்டேன். இப்போதும் காற்று வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. மூன்றாம் முறை போனபோது கம்ப்ரசரையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இன்னொன்று: ஜனவரியில் குடும்பத்தோடு ஏலகிரிக்குப் போனபோது ஹீட்டரைப் போட்டுப் பார்த்தேன், அதுவும் சூடாகவில்லை. குளிரும் போய்ச் சூடும் போய்விட்டால் கம்ப்ரசர்தானே காரணமாக இருக்க வேண்டும்?

5 மே 2024, இரவு

கம்ப்ரசர் என்பது ஏசிக் கேஸை அழுத்திச் சுற்றவிடும் பம்ப். அதற்கும் ஹீட்டருக்கும் எந்த உறவும் இல்லை. ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றி வரும் திரவமான கூலன்ட், சூடாக அதற்குள் ஓடும். ப்ளோயர் காற்று அதன்மீது பட்டுச் சூடாகும். கம்ப்ரசரைக் கழற்றித் திண்ணையில் வைத்துவிட்டாலும் ஹீட்டர் வேலை செய்யும்.

கேஸைப் பொறுத்தவரை, அது பெட்ரோல்போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. ரப்பர்க் குழாய் வழியாகவும் கம்ப்ரசர் அச்சின் சீல் வழியாகவும் மிகச் சிறிதளவு கசியத்தான் செய்யும், ஆனால் அது பல ஆண்டுகளில் தெரிய வேண்டிய குறை. ஒரே கோடையில் இரண்டு முறை நிரப்பினால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் நிரப்பியவரிடம் மூன்றாம் முறை போக வேண்டாம், கம்ப்ரசரையும் மாற்ற வேண்டாம்.

6 மே 2024, காலை

நேற்று எழுதியதைப் படுக்கையில் நினைத்துப் பார்த்தபோது, ஹீட்டரைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் அவசரமாகத் தாண்டிப் போய்விட்டது உறைத்தது. எனக்கே நடந்ததுதான் இது.

நான் வேலூர் சத்துவாச்சாரிவாசி. என்னுடையது 2012-ஆம் ஆண்டு கார். போன வருடம் அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில், வெயிலில் நின்ற காரின் கதவைத் திறந்தால் ஆம்பூர் பிரியாணி அண்டாவின் மூடியைத் திறந்தது மாதிரி முகத்தில் அடிக்கும். ஏசியைப் போட்டு அரை மணி நேரம் ஓட்டினாலும் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். நானும் உங்களைப் போலவே கேஸ் நிரப்பினேன். சரியாகவில்லை. இன்னும் கொஞ்சம் நிரப்பச் சொன்னேன், நிரப்பினார்கள், முன்பிருந்ததைவிட மோசமாயிற்று. அளவுக்கு மேல் கேஸ் ஏறினால், அதன் சூட்டை வெளியே விடும் கண்டன்சரில் அது திரவமாக மாற இடம் போதாமல் அழுத்தம் எகிறும், குளிர் குறையும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. சிறிய கார்களில் மொத்தமே அரைக் கிலோவுக்கும் குறைவான கேஸ்தான் இருக்கும் என்பதால், ஐம்பது கிராம் கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசம் தெரியும். எவ்வளவு என்று பானெட்டின் அடியில் ஒட்டிய சீட்டில் அச்சிட்டிருப்பார்கள். அதைப் படித்துத் தராசில் வைத்து நிரப்பியவர் எவரையும் நான் அதுவரை பார்த்ததில்லை.

கடைசியில் கோளாறு இருந்த இடம் ஏசியே இல்லை. வெப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் நீலமும் சிவப்பும் போட்ட குமிழ் ஒன்று இருக்கிறதல்லவா, அதுதான். பெரும்பாலான சிறிய கார்களில் அந்தக் குமிழ் ஒரு மெல்லிய கம்பிக் கேபிளை இழுக்கிறது. கேபிளின் மறுமுனையில் ஃப்ளாப் என்று மெக்கானிக்குகள் சொல்லும் ஒரு பிளாஸ்டிக் கதவு இருக்கிறது. குமிழ் நீலத்தில் இருக்கும்போது அந்தக் கதவு ஹீட்டர் பக்கத்தை முழுவதும் அடைத்துவிட வேண்டும். காற்று கூலிங் காயிலை மட்டும் தொட்டுவிட்டு வெளியே வர வேண்டும். என் காரில் கேபிளைப் பிடித்திருந்த கிளிப் உடைந்து, கதவு பாதியில் நின்றுவிட்டது. கூலிங் காயில் குளிர வைத்த காற்றில் பாதியை, எண்பது தொண்ணூறு டிகிரித் தண்ணீர் ஓடும் ஹீட்டர் மறுபடியும் சூடாக்கி அனுப்பிக்கொண்டிருந்தது. இந்த ஊர் மே மாதத்தில் நான் ஹீட்டரையும் ஏசியையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு சுற்றியிருக்கிறேன்.

இதற்கான துப்பு ஜனவரியிலேயே கிடைத்திருந்தது. மலைப்பாதையில் கண்ணாடியில் படிந்த பனிப்புகை விலகவில்லை, ஹீட்டரைச் சிவப்புக்குத் திருப்பினேன், வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை. கதவு பாதியில் நின்றால் குளிரும் பாதி, சூடும் பாதி. ஒரே கோளாறு இரண்டு வேடம் போட்டது. உங்களுடையதும் இதுதான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்கிறேன்.

6 மே 2024, மாலை

வேலூரைப் பற்றிய பழைய கேலி எல்லோருக்கும் தெரியும்: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். இதில் சாமி 1981-லேயே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார், பாலாற்றிலும் அவ்வப்போது வெள்ளம் வருகிறது. காலியான இடத்துக்கு “யாரும் தொடாத ஹீட்டர் குமிழ்” என்பதைச் சேர்த்துக்கொள்ளலாம். பத்து வருடம் நீலத்திலேயே கிடக்கும் குமிழின் கேபிள் துருப்பிடித்து இறுகுவதும், ஒருநாள் திருப்பியவுடன் கிளிப் உடைவதும் அதனால்தான்.

7 மே 2024

பிரிப்பதற்கு முன்னால் கையால் தொட்டுப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. காரை நிழலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஏசியை முழு வேகத்தில் பத்து நிமிடம் போட்டுவிட்டு பானெட்டைத் திறந்து பாருங்கள். எஞ்சினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவிலுள்ள இரும்புத் தடுப்புக்குள் இரண்டு ஏசிக் குழாய்கள் நுழையும். ஒன்று விரல் அளவுக்கு மெல்லியது, மற்றொன்று தடித்தது. மெல்லியது சூடாக இருக்கும். தடித்தது குளிர்ந்து, சோடா பாட்டிலைப்போல வியர்த்திருக்க வேண்டும். சுழலும் பெல்ட்டிலும் மின்விசிறியிலும் கை, துப்பட்டா, வேட்டி நுனி எதுவும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தடித்த குழாய் சில்லென்று இருந்தும் உள்ளே காற்று வெதுவெதுப்பாக வந்தால், கேஸும் கம்ப்ரசரும் தங்கள் வேலையைச் செய்கின்றன, கோளாறு காற்று போகும் வழியில் இருக்கிறது: ஃப்ளாப், அல்லது வெளிக்காற்றை உள்ளே விடும் கதவு. தடித்த குழாயே வெதுவெதுப்பாக இருந்தால் நான் நேற்று உறுதியாகச் சொன்னது தப்பு, முந்தாநாள் சொன்னதே சரி. தொட்டுப் பார்த்து எழுதுங்கள்.

8 மே 2024

ஃப்ளாப்தான் குற்றவாளி என்பதை நான் எப்படி உறுதி செய்தேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஏசிக் குழாய்களுக்குப் பக்கத்திலேயே, கிட்டத்தட்ட ஒரே பருமனில், இரண்டு கறுப்பு ரப்பர்க் குழாய்கள் உள்ளே போகும். ஹீட்டருக்குக் கூலன்ட் போவதும் வருவதும் அவற்றில்தான். எஞ்சின் ஆறியிருந்தபோது, அவற்றில் ஒன்றைப் பழைய துணியால் சுற்றி, பிடி குறடால் மெதுவாக நெரித்து ஓட்டத்தை நிறுத்தினேன். சந்தைக்குப் போய்க் காய்கறியை அழுத்திப் பார்க்கும் அழுத்தத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்; பழைய ரப்பர் வெடித்துவிட்டால் கூலன்ட் முழுவதும் தரையில். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, டேஷ்போர்டின் நடுவில் காற்று வரும் துவாரத்தில் ஒரு வெப்பமானியைச் செருகினேன். நெரிப்பதற்கு முன் ஓட்டிப் பார்த்தபோது 18 டிகிரி காட்டியது, இப்போது பத்து நிமிடத்தில் 12-க்கு இறங்கிற்று. கேஸில் ஒரு துளிகூடக் கூட்டவில்லை. அந்த ஆறு டிகிரியும் ஹீட்டர் திருடியது.

சோதனைக்கு மட்டும்தான் இது, அப்படியே நெரித்து வைத்துக்கொண்டு ஓட்டக் கூடாது. சில கார்களின் கூலன்ட் ஓட்டத்தில் ஹீட்டர் வழியும் ஒரு பங்கு வகிக்கிறது.

பழுது நீக்கியது அதைவிட எளிது. இடது பக்கக் காலடியில் தலைகீழாகப் படுத்து, பல்லில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு, கேபிளின் முனையைத் தேடினேன். உடைந்த கிளிப்பின் வெள்ளைத் துண்டு கால் விரிப்பிலேயே கிடந்தது. எத்தனை முறை அதைப் பெருக்கித் தள்ளப் பார்த்தேனோ. கையால் ஃப்ளாப்பைத் தள்ளியதும் “டப்” என்று மரப்பெட்டி மூடுவது போன்ற சத்தத்தோடு அடைத்தது. கேபிளை ஒரு பிளாஸ்டிக் டேகால் கட்டினேன். அந்த டேக் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

9 மே 2024

கேஸை எடை போட்டு நிரப்ப வேண்டும் என்பதை ஆரணி நண்பர் ஒருவர் மறுக்கிறார்: தன் காரில் எஞ்சினை நிறுத்திவிட்டு, அழுத்தம் காட்டும் கேஜை வைத்துப் பார்த்தபோது 115 பி.எஸ்.ஐ. காட்டியதாம், ஆகவே கேஸ் நிறைய இருக்கிறது என்று மெக்கானிக் சொன்னாராம். அது சரியல்ல. வீட்டில் சமையல் சிலிண்டர் பாதி தீர்ந்திருந்தாலும் அடுப்பின் சுடர் குறைவதில்லை, ஆட்டித் தூக்கிப் பார்த்துத்தான் எவ்வளவு மிச்சம் என்று சொல்கிறோம் அல்லவா? அதே கதைதான். நம் கார் ஏசிகளில் சுற்றும் ஆர் 134ஏ என்ற வாயு உள்ளே ஒரு பங்காவது திரவமாக இருக்கும்வரை, அதன் அழுத்தத்தை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. 35 டிகிரியில் ஏறக்குறைய 115 பி.எஸ்.ஐ. காட்டும், நூற்றைம்பது கிராம் இருந்தாலும் அதேதான், நானூறு கிராம் இருந்தாலும் அதேதான். நின்ற நிலையில் கேஜ் சொல்வது அன்றைய வெயிலின் அளவை. எவ்வளவு இருக்கிறது என்று அறிய, முழுவதும் வெளியே எடுத்து எடை போடுவதைத் தவிர வேறு வழி இல்லை. எடுப்பதற்கும் இயந்திரம் உண்டு. காற்றில் திறந்துவிடக் கூடாது, ஏனென்றால் அந்த வாயுவின் ஒரு கிலோ, கரியமில வாயு ஆயிரத்து நானூறு கிலோவுக்குச் சமமான அளவில் பூமியைச் சூடாக்கும். நமக்கு ஏற்கெனவே இருக்கும் சூடு போதாதா?

12 மே 2024

குடியாத்தத்துக்காரர் தொட்டுப் பார்த்துவிட்டார். தடித்த குழாய் சில்லென்று இல்லை, வியர்க்கவும் இல்லை. அதோடு, முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதை இப்போதுதான் சொல்கிறார்: இரண்டு முறையும் கேஸ் நிரப்பிய பின் பத்து நாள் ஏசி நன்றாகக் குளிர்ந்ததாம், பிறகுதான் மங்கியதாம். ஃப்ளாப் கோளாறாக இருந்திருந்தால் முதல் நாளே குளிர்ந்திருக்காது. அவருக்குக் கேஸ் ஒழுகுகிறது, சந்தேகமே இல்லை. ஒரே கோளாறு, இரண்டு வேடம் என்று நான் 6-ஆம் தேதி அடித்துச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். என் காருக்கு நடந்ததை அவர் காருக்கு மாட்டிவிட்டேன்.

அப்படியானால் ஹீட்டர் ஏன் சூடாகவில்லை? ஏலகிரி போகும்போது எஞ்சின் வெப்பமுள் எங்கே நின்றது என்று கேட்டேன். நெடுஞ்சாலையில் முள் எப்போதும் கீழ்க்கோட்டுக்குச் சற்று மேலேதான் இருக்கும், எஞ்சின் குளிர்ச்சியாக ஓடுகிறது என்று மகிழ்ச்சியாக இருந்தேன் என்கிறார். அந்த மகிழ்ச்சியில்தான் விஷயம் இருக்கிறது. தெர்மோஸ்டாட் என்ற சிறிய வால்வு, கூலன்ட் ஏறக்குறைய 82 முதல் 88 டிகிரி வரும்வரை அதை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து வைக்கும். அது திறந்தபடியே மாட்டிக்கொண்டாலோ, இல்லாமலே போனாலோ எஞ்சின் தன் சூட்டுக்கு வராது. எஞ்சினே சூடாகாதபோது ஹீட்டருக்குச் சூடு எங்கிருந்து வரும்?

13 மே 2024

திறந்து பார்த்தார்களாம். தெர்மோஸ்டாட்டே இல்லை. நான்கு வருடத்துக்கு முன்பு எஞ்சின் ஒருமுறை கொதித்தபோது, “இந்த ஊர் வெயிலுக்கு இது எதற்கு” என்று ஒரு மெக்கானிக் கழற்றிப் போட்டுவிட்டு மூடியிருக்கிறார்.

13 மே 2024, இரவு

மேலே இருப்பதைக் கிண்டலாக எழுதிவிட்டேன். ஆனால் அந்த மெக்கானிக்கின் பேச்சு நம் பக்கத்தில் பரவலாகக் கேட்கும் பேச்சுதான், என் அப்பாவும் அதையே சொல்வார். எஞ்சின் கொதித்தால் தெர்மோஸ்டாட் மூடியபடி மாட்டிக்கொண்டிருக்கலாம், அப்போது கழற்றினால் கொதிப்பது நிற்கும், ஆகவே கழற்றியது சரி என்று தோன்றும். புதிதாக ஒன்று மாட்டுவதுதான் சரி. குளிர்ந்தே ஓடும் எஞ்சின் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், உள் பாகங்களும் சீக்கிரம் தேயும்.

19 மே 2024

ஓட்டை கிடைத்துவிட்டது. இந்த முறை வேறொரு இடத்தில், கேஸ் நிரப்புவதற்கு முன்னால் நைட்ரஜனை ஏற்றி, இணைப்புகளில் எல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்திருக்கிறார்கள். கண்டன்சரின் கீழ் மூலையில் நுரை கொப்பளித்திருக்கிறது. ரேடியேட்டருக்கு முன்னால், காரின் முகத்திலேயே நிற்பதால், நெடுஞ்சாலையில் லாரி டயர் தெறிக்கும் கல்லெல்லாம் கண்டன்சரின் மேல்தான் விழும். சென்னை–பெங்களூரு சாலையில் தினமும் வருபவர்களுக்கு இது சகஜம். அவர் அனுப்பிய படத்தில், அந்த மூலையில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய செம்மண்ணும் தெரிகின்றன. கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் சுற்றுவதால், ஓட்டை இருக்கும் இடத்தில் இப்படித்தான் கறை படியும். டார்ச்சோடு குனிந்து பார்த்திருந்தால் மார்ச்சிலேயே கிடைத்திருக்கும்.

கண்டன்சரை மாற்றி, ஈரம் உறிஞ்சும் டிரையரையும் மாற்றி, குழாய்களிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சியெடுக்க முக்கால் மணி நேரம் வாக்யூம் வைத்து, தராசில் எடை பார்த்து நிரப்பினார்களாம். பழைய கம்ப்ரசர் அப்படியே இருக்கிறது, ஒழுங்காக ஓடுகிறது.

26 மே 2024

ஊருக்கு உபதேசம் செய்துகொண்டிருந்த எனக்கு நேற்று காட்பாடி மேம்பாலத்தில் பாடம் கிடைத்தது. இருபது நிமிடம் வண்டி நகரவில்லை. ஏசிக் காற்று மெதுவாகச் சூடாகத் தொடங்கியது. நகர்ந்ததும் மறுபடி குளிர்ந்தது. வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் நின்றபோது மீண்டும் அதே. ஓடும்போது குளிர்ந்து நிற்கும்போது சூடானால், கண்டன்சருக்குக் காற்று போதவில்லை என்று பொருள்; ஓடும்போது எதிர்க்காற்று அந்தக் குறையை மறைத்துவிடுகிறது. முதலில் மின்விசிறி நின்றுவிட்டது என்று நினைத்தேன். பானெட்டைத் திறந்தால் அது நன்றாகவே சுழல்கிறது. கண்டன்சரின் மெல்லிய தகடுகளுக்கு இடையே தூசியும் பூச்சிகளும் இலவம்பஞ்சும் சேர்ந்து ஒரு போர்வை நெய்திருந்தன. தோட்டத்துக் குழாயால், வேகமில்லாத தண்ணீரில், மெதுவாகக் கழுவினேன். வாட்டர் சர்வீஸ் கடையின் அழுத்தக் குழாயை வைத்தால் அந்தத் தகடுகள் சோளத்தட்டை மாதிரி மடங்கிவிடும். இன்று அதே பாலத்தில் அதே நேரத்தில் போய் நின்று பார்த்தேன். வீட்டில் என்னைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதை எழுத வேண்டியதில்லை. காற்று குளிர்ந்தே வந்தது.

2 ஜூன் 2024

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு கேள்வி: சென்னையில் ஏசி போட்டு நின்றால் காருக்கு அடியில் குட்டை கட்டுகிறது, இங்கே சொட்டுச் சொட்டாகத்தான் வடிகிறது, ஏசி பலவீனமாகிவிட்டதா? இல்லை. அந்தத் தண்ணீர் காற்றிலிருந்த ஈரம்தான். கடற்கரை ஊரின் காற்றில் ஈரம் அதிகம், நம் கோடைக் காற்று அனல் என்றாலும் வறண்டது. சொட்டே இல்லாவிட்டால்தான் பார்க்க வேண்டும்.

22 டிசம்பர் 2024

குடியாத்தத்துக்காரர் மறுபடியும் ஏலகிரி போய்விட்டு வந்திருக்கிறார். வெப்பமுள் நடுவில் நின்றதாம், பதினான்கு கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் ஹீட்டர் சுடச்சுட வந்து, பின்னால் உட்கார்ந்திருந்த மாமியார் அணைக்கச் சொல்லிவிட்டாராம்.

கண்ணாடிப் பனிப்புகையைப் பற்றி ஒன்று: ஹீட்டரை மட்டும் போடாமல் ஏசியையும் சேர்த்துப் போட்டு, வெளிக்காற்றை உள்ளே விட்டால்தான் சீக்கிரம் தெளியும். ஏசி காற்றின் ஈரத்தைப் பிழிந்துவிடும், ஹீட்டர் அதைச் சூடாக்கிக் கண்ணாடிக்கு அனுப்பும். மே மாதத்தில் எனக்குத் தண்டனையாக வந்த அதே சேர்க்கைதான்.

5 ஜனவரி 2025

நானும் ஆசைப்பட்டு அந்தச் சேர்க்கையைப் போட்டுக்கொண்டே ஜவ்வாது மலைக்குப் போய் வந்தேன். இன்று காலை பார்த்தால் இடது பக்கக் கால் விரிப்பு நனைந்து சொதசொதவென்று இருக்கிறது. ஹீட்டர் காயில் ஓட்டையாகிவிட்டதோ என்று வயிறு கலங்கியது, ஏனென்றால் அதை மாற்ற டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். விரலால் தொட்டுப் பார்த்தேன். கூலன்டாக இருந்தால் வழவழப்பாக இருக்கும், இனிப்பான வாடை அடிக்கும், கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் படியும். இது வெறும் தண்ணீர்.

5 ஜனவரி 2025, மாலை

காருக்கு அடியில் படுத்து, ஏசித் தண்ணீர் வடியும் ரப்பர்க் குழாயில் ஒரு மெல்லிய கம்பியை விட்டேன். களிமண்ணாக உதிர்ந்தது. குளவி கூடு கட்டி அடைத்திருக்கிறது. பாதிதான் உடைத்திருந்தேன், அதற்குள் அம்மா வந்து பார்த்துவிட்டார். குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும், மருமகளுக்கு நல்ல செய்தி வரும்வரை மிச்சத்தைத் தொடக் கூடாது என்கிறார். தம்பி மனைவியோ, கூடு அங்கேயே இருக்கட்டும், ஆனால் அந்தக் காரில் இடது பக்கம் நான் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.